ஃபிராங்கோ செத்ததும் ஸ்பெயின் தானாகவே மாறியதா?

ஒரு வாசகரின் கேள்வி, 20 நவம்பர் 2025

இன்றோடு ஃபிராங்கோ செத்து 50 ஆண்டு. 36 ஆண்டு ஒரு நாட்டையே கைக்குள் வைத்திருந்தவர், கடைசியில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் செத்தார். 2 நாளில் அரசர் வந்தார். 2 ஆண்டுக்குள் தேர்தல், 3 ஆண்டில் புதிய அரசியல் சட்டம். ஒரு துளி ரத்தம் சிந்தவில்லை. சர்வாதிகாரியை எதிர்த்து யாரும் உயிரைக் கொடுக்க வேண்டியதில்லை, கிழவர் சாகும்வரை பொறுத்தால் போதும், மற்றது தானாக நடக்கும் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

20 நவம்பர், இரவு 9.40

மறுக்கிறேன். முதலில் அந்த "ஒரு துளி ரத்தம்" என்பதை எடுத்துவிடுங்கள்.

1976 மார்ச் 3, விட்டோரியா நகரம். ஃபிராங்கோ செத்து நூறு நாள் தாண்டியிருந்தது. வாரக்கணக்கில் வேலைநிறுத்தத்தில் இருந்த தொழிலாளர்கள் சரமாகா என்ற பகுதியில் ஒரு தேவாலயத்துக்குள் கூட்டம் போட்டார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகைக் குண்டுகளை உள்ளே வீசியது. மூச்சுமுட்டி வெளியே ஓடிவந்தவர்களைச் சுட்டது. 5 தொழிலாளர்கள் செத்தார்கள். அப்போது உள்துறை அமைச்சர் மனுவேல் ஃபிராகா. ஃபிராங்கோவின் அமைச்சரவையிலும் இருந்தவர், பிறகு வந்த அரசியல் சட்டத்தை எழுதிய ஏழு பேரில் ஒருவரும் அவரே.

அடுத்தது 1977 ஜனவரி 24, மாட்ரிட். அட்டோச்சா தெருவில் தொழிலாளர் வழக்குகளை நடத்திவந்த வக்கீல்களின் அலுவலகம். இரவில் வலதுசாரித் துப்பாக்கிக்காரர்கள் உள்ளே புகுந்து சுட்டதில் 5 பேர் இறந்தார்கள், 4 பேர் காயத்தோடு பிழைத்தார்கள். இன்னொரு பக்கம், பாஸ்க் தனிநாடு கேட்டு ஆயுதம் ஏந்திய எட்டா அமைப்பின் கொலைகள். 1980-ல் மட்டும் 90 பேருக்கு மேல். ரத்தம் சிந்தாத மாற்றம் என்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் வேலைக்காக மாட்ரிட் போய் 2017 முதல் 2020 வரை காரபாஞ்செல் பகுதியில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வீட்டுக்கார அம்மா 1949-ல் பிறந்தவர். தையற்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கு ஸ்பானிஷ் கற்றுக்கொடுத்ததே அவர்தான். சமையலறையில் உட்கார்ந்து வெண்டைக்காய் எங்கே கிடைக்கும் என்பதில் தொடங்கி ஃபிராங்கோவில் வந்து நிற்போம். அவர் சொன்ன அந்த நவம்பர் 20 காலை இது.

விடியுமுன்பே வானொலியில் சோக இசை. பத்து மணிக்குத் தொலைக்காட்சியில் பிரதமர் அரியாஸ் நவார்ரோ அழுதபடி "ஸ்பானியர்களே, ஃபிராங்கோ இறந்துவிட்டார்" என்றார். பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், தெருப் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். இவருடைய அம்மா சுவரோரம் உட்கார்ந்து அழுதார். ஃபிராங்கோவைப் பிடித்து அல்ல, அவருடைய அப்பாவையே 1936-ல் உள்நாட்டுப் போரில் ஃபிராங்கோவின் ஆட்கள் கூட்டிக்கொண்டு போய்த் திருப்பி அனுப்பவில்லை. இனி மறுபடியும் சண்டை வரும், மறுபடியும் ஆண்பிள்ளைகளைக் கொண்டுபோவார்கள் என்ற பயத்தில் அழுதார். வீட்டுக்கார அம்மாவின் கணவர் கட்டடத் தொழிலாளி, தடைசெய்யப்பட்ட தொழிற்சங்கத்தில் ரகசியமாக இருந்தவர். ஒரு பாட்டிலை எடுத்துவந்தார். அதைத் திறக்குமுன் ஜன்னல் மறைப்புகளை முழுக்க இறக்கினார். கார்க் தெறிக்கும் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது.

ஆள் செத்துவிட்டார், ஆனாலும் கார்க் சத்தத்துக்குப் பயம். உங்கள் "தானாக நடக்கும்" என்ற வாதத்துக்கு என் பதில் அந்த ஜன்னல் மறைப்புதான்.

20 நவம்பர், இரவு 11.15

படுக்கப் போனவன் எழுந்து வந்து எழுதுகிறேன், இதை விட்டுவிட்டால் தூக்கம் வராது.

பக்கத்து நாட்டைப் பாருங்கள். போர்ச்சுகலில் சர்வாதிகாரி சலாஸார் 1968-ல் நாற்காலியிலிருந்து விழுந்து மூளையில் ரத்தம் கட்டி ஆட்சி நடத்த முடியாமல் போனார். அவர் இடத்துக்கு மார்செலோ கயெட்டானோ வந்தார். சலாஸாரிடம் மட்டும் யாரும் அதைச் சொல்லவில்லை. தான்தான் இன்னும் பிரதமர் என்று நம்பிக்கொண்டே 1970 ஜூலையில் செத்தார். அதற்கப்புறம் என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. அதே ரகசியப் போலீஸ், அதே தணிக்கை, ஆப்பிரிக்காவில் அதே காலனிப் போர்கள். அந்தப் போர்களில் சலித்துப்போன இளம் ராணுவ அதிகாரிகள் 1974 ஏப்ரல் 25-ல் கவிழ்த்த பிறகுதான் அந்த ஆட்சி முடிந்தது. சாவு மட்டும் போதுமென்றால் 1970-லேயே முடிந்திருக்க வேண்டும்.

21 நவம்பர், மதியம்

"கடைசி நாட்களில் ஃபிராங்கோவை இயந்திரங்களை மாட்டி உயிரோடு வைத்திருந்தார்களே, ஏன்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பாசம் என்று நினைத்துவிடாதீர்கள்.

அக்டோபர் நடுவில் மாரடைப்பு. நவம்பர் 3-ல் வயிற்றில் ரத்தக்கசிவு வந்து, எல் பார்தோ அரண்மனைக்குள்ளேயே அவசரமாக ஏற்பாடு செய்த அறையில் அறுவை சிகிச்சை. அப்புறம் லா பாஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மேலும் இரண்டு அறுவை. 82 வயது உடம்பு. நாள்தோறும் மருத்துவ அறிக்கை வரும், நோய்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகும். மருமகன் இதய அறுவை மருத்துவர். குழாய்களுக்கு நடுவே கிடந்த மாமனாரைப் படம் எடுத்தவரும் அவர்தான், அந்தப் படங்கள் பின்னால் பத்திரிகையில் வந்தன.

காரணம் என்று பலர் சொல்வது ஒரு தேதியை. அப்போதைய நாடாளுமன்றமான கோர்தெஸின் தலைவர் ரோட்ரீகெஸ் டி வால்கார்செல், தீவிர ஃபிராங்கோ விசுவாசி. அவருடைய பதவிக்காலம் நவம்பர் 26-ல் முடிகிறது. அந்த நாற்காலியில் இருப்பவரே அரசுரிமைக் குழுவுக்கும் தலைவர். பிரதமர் பதவிக்கு மூன்று பெயர்களை எழுதி ஆட்சித்தலைவரிடம் கொடுப்பது அந்தக் குழு. அதிலிருந்து ஒன்றைத்தான் அவர் தேர்ந்தெடுக்க முடியும். ஃபிராங்கோ இன்னும் ஆறு நாள் மூச்சு விட்டிருந்தால் வால்கார்செல் மறுபடியும் ஆறு ஆண்டுக்கு உட்கார்ந்திருப்பார். புதிய அரசர் யாரை நினைத்தாலும் அந்தப் பெயர் பட்டியலிலேயே வராது.

1969 கிறிஸ்துமஸ் உரையில் ஃபிராங்கோ "எல்லாம் கட்டப்பட்டிருக்கிறது, நன்றாகவே கட்டப்பட்டிருக்கிறது" என்று சொன்னாரே, அந்தக் கட்டு இதுதான். தான் போன பிறகும் கை நகர முடியாதபடி சட்டத்தால் முடிச்சுப் போட்டுவைத்திருந்தார். அந்த முடிச்சுக்கு உயிரான ஆள் ஒருவர் இருந்தார், அவருடைய பிரதமர் கர்ரேரோ பிளாங்கோ. 1973 டிசம்பர் 20-ல் எட்டா தெருவுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வைத்த குண்டு அவருடைய காரைக் கூரைக்கு மேலே தூக்கி வீசியது. அதோடு ஒரு இழை அறுந்தது.

வீட்டுக்கார அம்மா சொன்ன அந்தக் காலத்து நகைச்சுவை ஒன்று. சாகக்கிடக்கும் ஃபிராங்கோவுக்கு வெளியே கூட்டத்தின் சத்தம் கேட்கிறது. "என்ன சத்தம் அது?" "மக்கள், தளபதி. உங்களிடம் விடைபெற வந்திருக்கிறார்கள்." "அப்படியா, எங்கே போகிறார்கள்?" இதைச் சொல்லிவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். அந்தக் காலத்தில் காதோடு காதாகத்தான் சொல்லிக்கொள்வார்களாம்.

22 நவம்பர், காலை

கேட்டவர் மறுபடி வந்து, "சரி, ரத்தம் சிந்தியது உண்மைதான். ஆனால் கதவைத் திறந்தது அரசர் ஹுவான் கார்லோஸ்தானே?" என்கிறார். பாதி சரி. இன்றைக்குப் பொருத்தமான நாள்தான். 1975 நவம்பர் 22-ல் பதவியேற்றபோது ஃபிராங்கோவின் ஒரே கட்சியான "இயக்கத்தின்" கொள்கைகளுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்தார். அவரைத் தேர்ந்தெடுத்து வளர்த்ததும் ஃபிராங்கோதான். அடுத்த நாள் ஃபிராங்கோவின் அடக்கத்துக்குச் சிலியிலிருந்து அந்நாட்டுச் சர்வாதிகாரி பினோசே வந்து நின்றார்.

அப்புறம் நடந்தது சட்டத்துக்குள் நடந்த வேலை. அரசரின் பழைய ஆசிரியர் டொர்க்வாட்டோ ஃபெர்னாண்டஸ் மிராண்டா அந்த வால்கார்செல் நாற்காலிக்கு வந்தார். ஃபிராங்கோவின் சட்டங்களை உடைக்காமல், அந்தச் சட்டங்களில் எழுதியிருக்கும் வழியிலேயே போய் அவற்றை முடித்துவைப்பது அவர் போட்ட திட்டம். 1976 ஜூலையில் அரியாஸ் நவார்ரோ விலகியதும், மிராண்டா கையால் போன மூன்று பெயரில் அடோல்ஃபோ சுவாரெஸ் இருந்தார். வயது 43. அந்த இயக்கத்தின் பொதுச்செயலாளராக அப்போது இருந்தவர். எதிர்க்கட்சிக்காரர்கள் தலையில் கைவைத்தார்கள். சுவாரெஸ் சில மாதத்திலேயே அரசியல் சீர்திருத்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார். ஃபிராங்கோ காலத்துக் கோர்தெஸ் தன்னைத்தானே கலைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் பொருள். 1976 நவம்பர் 18 வாக்கெடுப்பில் 425 பேர் ஆதரவு, 59 பேர் எதிர்ப்பு, 13 பேர் ஒதுங்கினார்கள்.

அந்த 425 பேர் ஏன் கை தூக்கினார்கள்? அங்கேதான் நீங்களும் நானும் பிரிகிறோம். நல்ல மனசு வந்து தூக்கவில்லை. அந்த ஆண்டு முழுக்க மாட்ரிட் மெட்ரோ முதல் தொழிற்சாலை வரை வேலைநிறுத்தம். போர்ச்சுகலில் நடந்தது கண்முன் இருந்தது. தாங்களே திறக்காவிட்டால் கதவு உடையும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. திறந்த கை சுவாரெஸுடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெளியே நின்று தட்டியவர்கள் இல்லாமல் அந்தக் கை எழுந்திருக்காது.

22 நவம்பர், இரவு

முதல் குறிப்பைத் திரும்பப் படித்தேன். விட்டோரியா சம்பவத்தில் ஃபிராகா பெயரை எழுதிய விதம், அவர் அங்கேயே நின்று சுடச் சொன்னதுபோல் இருக்கிறது. அது சரியில்லை. அந்த நாளில் அவர் ஜெர்மனியில் இருந்தார். அவர் இல்லாதபோது அந்தத் துறையைப் பார்த்துக்கொண்டவர் யார் தெரியுமா? சுவாரெஸ். காலையில் நான் புகழ்ந்த அதே சுவாரெஸ்.

இதை எழுதாமல் விட்டால் நான் சொல்வது பொய்யாகிவிடும். அந்தக் காலத்து மனிதர்களை நல்லவர், கெட்டவர் என்று இரண்டு பக்கமாகப் பிரித்து வைக்க முடியவில்லை. அந்தச் சாவுகளுக்காக யாரும் தண்டிக்கப்படவும் இல்லை.

24 நவம்பர், காலை

தண்டனை என்றதும் 1977 அக்டோபர் 15 பொதுமன்னிப்புச் சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சட்டம் அரசியல் காரணத்துக்காகச் சிறையில் இருந்தவர்களை விடுவித்தது. அதே சட்டத்தின் வேறு பிரிவில் போலீசாரும் அதிகாரிகளும் செய்த குற்றங்களுக்கும் மன்னிப்பு. மக்களை அடித்துத் துவைத்த விசாரணை அதிகாரிகள் வேலையில் தொடர்ந்தார்கள், பதவி உயர்வு வாங்கினார்கள், ஓய்வூதியம் வாங்கினார்கள். மாட்ரிட்டில் "பில்லி எல் நின்யோ" என்ற பட்டப்பெயரோடு சித்திரவதைக்குப் பேர்போன போலீஸ் அதிகாரி, பணிப் பதக்கங்களோடு வாழ்ந்து 2020-ல் கொரோனாவில் செத்தார். சித்திரவதைக்காக ஒரு நாள்கூடச் சிறைக்குப் போகவில்லை.

இது துரோகம். வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

26 நவம்பர், இரவு

இரண்டு நாளாக அந்த "துரோகம்" மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

பொதுமன்னிப்பு கேட்டது யார்? ஃபிராங்கோ ஆட்கள் இல்லை. 1976 முழுக்கத் தெருவில் "விடுதலை, பொதுமன்னிப்பு" என்று தொண்டை கிழியக் கத்தியவர்கள் எதிர்க்கட்சியினர், தொழிலாளர்கள், கைதிகளின் அம்மாக்கள். பார்சிலோனாவில் அதோடு "சுயாட்சி" என்பதும் சேரும். வீட்டுக்கார அம்மாவும் கணவரும் அந்த ஊர்வலங்களில் போயிருக்கிறார்கள். நாடாளுமன்றத்தில் கம்யூனிஸ்ட் கட்சி சார்பில் அந்தச் சட்டத்தை ஆதரித்துப் பேசியவர் மார்செலினோ கமாச்சோ. தொழிற்சங்கம் கட்டிய குற்றத்துக்காக ஃபிராங்கோவின் சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர். ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த நாம் பழையதை மறக்காமல் எப்படிச் சமாதானம் ஆவது என்ற பொருளில் பேசினார். 296 பேர் ஆதரித்தார்கள், எதிர்த்தவர்கள் 2 பேர். ஒதுங்கி நின்றது ஃபிராகாவின் கட்சி.

அடிபட்டவர்களே முன்வந்து கேட்டது, கொடுத்தது. தங்கள் பிள்ளைகள் வெளியே வர ஒரு கதவு வேண்டும் என்று கேட்டார்கள். அதே கதவு வழியாகப் போலீசும் வெளியேறிக்கொண்டது. கேட்டவர்களைத் துரோகி என்று சொல்ல, 50 ஆண்டு கழித்து வசதியாக உட்கார்ந்து எழுதும் எனக்கு உரிமை இல்லை.

ஆனால் ஒன்றை மட்டும் விட மாட்டேன். ஃபிராங்கோ ஆட்சிக் கடைசியில் ராணுவத்துக்குள்ளேயே சில அதிகாரிகள் ஜனநாயகம் வேண்டும் என்று ரகசிய அமைப்பு தொடங்கினார்கள். 1975-ல் பிடிபட்டு, தண்டிக்கப்பட்டு, வேலையை இழந்தார்கள். 1977 சட்டம் சித்திரவதை செய்தவர்களின் வேலையைத் தொடவில்லை. ஆனால் இந்த அதிகாரிகளைப் படைக்குள் திரும்பச் சேர்க்க மறுத்தது, தளபதிகள் சம்மதிக்கவில்லை. 1986-ல்தான் அவர்களுக்கு வழி பிறந்தது. இதை மட்டும் எப்படிப் பார்த்தாலும் என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை.

28 நவம்பர், மாலை

"சாதாரண ஆளுக்கு என்ன மாறியது?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. நாங்கள் கோர்தெஸ், குழு என்று பேசிக்கொண்டே போகிறோம்.

வீட்டுக்கார அம்மா 1972-ல் திருமணம் செய்தவர். அதுவரை அவருடைய சம்பளப் புத்தகம் அவர் பெயரில் இருந்தது. திருமணம் ஆனதும், கணவர் கையெழுத்து இல்லாமல் வங்கியில் கணக்குத் திறக்க முடியாது, கடவுச்சீட்டு எடுக்க முடியாது, வேலைக்குச் சேரக்கூட அனுமதி வேண்டும். கணவர் நல்லவர், கேட்டதும் போட்டுவிடுவார். அது வேறு விஷயம், ஒரு முறை வங்கிக்காரர் எல்லோர் முன்னாலும் "கணவரைக் கூட்டிவாருங்கள்" என்றது எழுபது வயதிலும் அவருக்குச் சுருக்கென்று இருந்தது. இந்த அனுமதிச் சட்டம் போனது 1975 மே மாதம், ஃபிராங்கோ உயிரோடு இருக்கும்போதே, பெண்கள் போராடியதால். கருத்தடை மாத்திரை சட்டப்படி ஆனது 1978-ல். விவாகரத்து 1981-ல். எதுவும் நவம்பர் 20-ல் வந்து விழவில்லை. சில முன்பே தொடங்கின, சில ஆறு ஆண்டு கழித்து வந்தன.

1977 ஜூன் 15 தேர்தலில்தான் முதன்முதலாக வாக்களித்தார். வயது 28. அவருடைய அம்மாவுக்கும் 1936-க்குப் பிறகு அதுதான் முதல் உண்மையான தேர்தல். இரண்டு பேரும் நல்ல உடை உடுத்திக்கொண்டு கைகோத்து வரிசையில் நின்றார்கள். யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். "அதைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்குத்தானே அத்தனை பாடு" என்றார். சுவாரெஸின் கட்சி 165 இடம் பிடித்தது, சோஷலிஸ்டுகள் 118, ஃபிராகாவின் கட்சிக்கு 16. ஃபிராங்கோவின் அமைச்சர்கள் நிறைந்த அந்தக் கட்சிக்கு மக்கள் கொடுத்தது பதினாறே இடம். அந்த எண் எனக்குப் பிடித்த எண்.

28 நவம்பர், இரவு

கம்யூனிஸ்ட் கட்சி எப்போது சட்டப்படி ஆனது என்று கேட்டவருக்கு: 1977 ஏப்ரல் 9, புனித சனிக்கிழமை. ஊரே ஈஸ்டர் விடுமுறைக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து அறிவித்தார் சுவாரெஸ். கடற்படை அமைச்சர் கோபத்தில் பதவி விலகினார். ஆனால் அதற்கு வழி திறந்தது அட்டோச்சா வக்கீல்களின் இறுதி ஊர்வலம். லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள், ஒரு கோஷம் இல்லை, ஒரு கல் பறக்கவில்லை. கம்யூனிஸ்டுகள் வெளியே வந்தால் நாடு எரியும் என்று பயமுறுத்தியவர்கள் அந்த அமைதியைப் பார்த்து வாயடைத்துப் போனார்கள். வீட்டுக்கார அம்மா அன்று தையற்கூடத்துக்குப் போகாமல் ஊர்வலத்தில் நடந்தார். அத்தனை பேர் நடந்தும் செருப்புச் சத்தம்தான் கேட்டது என்பார்.

30 நவம்பர், காலை

"1978 அரசியல் சட்டத்தோடு எல்லாம் முடிந்தது" என்று எழுதியிருப்பவருக்கு: முடியவில்லை. 1981 பிப்ரவரி 23 மாலை. புதிய பிரதமரைத் தேர்ந்தெடுக்க நாடாளுமன்றத்தில் பெயர் பெயராகக் கூப்பிட்டு வாக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கிறது. தெஹேரோ என்ற சிவில் காவல் படை அதிகாரி துப்பாக்கியோடு மேடையேறிக் கூரையைப் பார்த்துச் சுடச்செய்தார். எல்லா உறுப்பினரும் இருக்கைக்கு அடியில் பதுங்க, அசையாமல் இருந்தது மூன்று பேர்: சுவாரெஸ், அவருடைய துணைப் பிரதமராக இருந்த வயதான ஜெனரல் குத்தியேரெஸ் மெல்யாடோ, கம்யூனிஸ்ட் தலைவர் கர்ரில்யோ. இயக்கத்தின் முன்னாள் செயலாளர், ஃபிராங்கோ பக்கம் போரிட்ட ராணுவத்தான், எதிர்ப்பக்கத்துக் கம்யூனிஸ்ட். வலென்சியாவில் டாங்கிகள் தெருவில் இறங்கிவிட்டன. இரவு ஒரு மணிக்கு மேல் அரசர் படைத்தலைவர் சீருடையில் தொலைக்காட்சியில் வந்து அரசியல் சட்டத்தின் பக்கம் நிற்கிறேன் என்று சொன்ன பிறகுதான் நாடு மூச்சு விட்டது. இந்த ஒரு இரவுக்காக அரசருக்கு உரியதைக் கொடுத்துவிடுகிறேன், 22-ஆம் தேதி கேட்டவர் கவனிக்கவும்.

அந்த இரவு வீட்டுக்கார அம்மா சமையலறைத் தொட்டியில் சங்க உறுப்பினர் அட்டைகளையும் ஊர்வலப் படங்களையும் எரித்தார். கணவர் மச்சினர் வீட்டில் போய்ப் படுத்தார். அரசர் பேசும்போது எல்லாம் சாம்பலாகியிருந்தது. அட்டோச்சா ஊர்வலத்தில் தோழிகளோடு அவர் நடக்கும் ஒரே படமும் அதில் போய்விட்டது. செத்து ஐந்து ஆண்டு மூன்று மாதம் ஆன பிறகும் ஃபிராங்கோ தன் வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போனார் என்பார்.

2 டிசம்பர், இரவு

இதை எழுதலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்கார அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன், எழுது என்றார்.

2019 அக்டோபர் 24. மாட்ரிட்டுக்கு வெளியே மலையில் 150 மீட்டர் உயரச் சிலுவைக்கு அடியில், பாறையைக் குடைந்து கட்டிய பேராலயத்தில் 44 ஆண்டு கிடந்த ஃபிராங்கோவின் பெட்டியை அன்று வெளியே எடுத்தார்கள். அந்த இடத்தைக் கட்டும் வேலையில் அரசியல் கைதிகளையும் ஈடுபடுத்தியிருந்தார்கள். சுற்றிலும் உள்ள அறைகளில் 33,000-க்கு மேற்பட்டவர்களின் எலும்புகள். அதில் ஃபிராங்கோவை எதிர்த்த குடியரசுப் பக்கத்தில் செத்தவர்களையும், குடும்பத்தைக் கேட்காமலே ஊர்க் குழிகளிலிருந்து அள்ளிக்கொண்டு வந்து அடுக்கிவைத்தார்கள். தங்களைக் கொன்றவரின் கல்லறைக்குக் காவல் இருப்பதுபோல்.

அன்று நான் வேலைக்கு விடுப்பு எடுத்திருந்தேன். இரண்டு பேரும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தோம். பேரப்பிள்ளைகள் பெட்டியைத் தோளில் சுமந்து வந்தார்கள். ஹெலிகாப்டரில் ஏற்றி மிங்கோருபியோ கல்லறைக்குக் கொண்டுபோய், அவர் மனைவியின் பக்கத்தில் வைத்தார்கள். வீட்டுக்கார அம்மா கைதட்டவில்லை, பாட்டில் திறக்கவில்லை. "அவருக்கு இரண்டாவது முறையும் அடக்கம் நடக்கிறது. என் தாத்தாவுக்கு ஒரு முறைகூட இல்லை" என்றார்.

தாத்தாவை டொலேடோ மாகாணத்தில் ஒரு கிராமத்திலிருந்து 1936 செப்டம்பரில் கூட்டிக்கொண்டு போனார்கள். கல்லறைச் சுவருக்கு வெளியே எங்கோ கிடக்கிறார் என்பது ஊர்ப் பேச்சு. எனக்கு அந்தப் பேச்சு வந்தபோதெல்லாம் எங்கள் வீட்டுக் காடாற்று நினைவுக்கு வரும். என் அப்பாவின் எலும்பைப் பொறுக்கிப் பால் தெளித்து ஆற்றில் கரைத்தபோது கை நடுங்கியது, ஆனால் அதன் பிறகு தூக்கம் வந்தது. அவருடைய அம்மாவுக்கு அந்தத் தூக்கம் சாகும்வரை வரவில்லை. இதை அவரிடம் சொன்னேன். வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அசென்சியோன் மெந்தியேட்டா என்ற பாட்டியைப் பற்றி அங்கே எல்லோருக்கும் தெரியும். 1939-ல் அவர் அப்பா தீமோத்தியோவைச் சுட்டுக் கொன்றபோது அவருக்கு வயது 13. ஸ்பெயின் நீதிமன்றங்கள் பொதுமன்னிப்புச் சட்டத்தைக் காட்டிக் கதவை மூடியதால், 88 வயதில் விமானம் ஏறி அர்ஜென்டினாவுக்குப் போய் நீதிபதி முன் நின்றார். அந்த நீதிபதி கேட்டுக்கொண்டதால்தான் குவாதலஹாரா கல்லறையில் தோண்டினார்கள். 2017-ல் அப்பாவின் எலும்பை மாட்ரிட்டில் முறையாக அடக்கம் செய்தார். 2019 செப்டம்பரில் அவரும் போய்ச் சேர்ந்தார், ஃபிராங்கோவின் பெட்டி வெளியே வருவதற்குச் சில வாரம் முன்பு.

கேள்வி கேட்டவருக்கு என் பதிலைத் திருத்திச் சொல்கிறேன். முதல் நாள் நான் விட்டோரியாவையும் அட்டோச்சாவையும் மட்டும் சொன்னேன், மாற்றத்தின் விலை அந்தச் சாவுகள் என்பதுபோல். இப்போது அதோடு நிற்க முடியவில்லை. மண்ணுக்கடியில் இருப்பவர்களைப் பற்றிப் பேசக் கூடாது என்று உயிரோடு இருந்தவர்கள் ஒப்புக்கொண்டதும் விலையில் சேர்ந்ததுதான். அதைக் கொடுத்தது அமைச்சர்கள் அல்ல, வீட்டுக்கார அம்மாவின் அம்மாவைப் போன்றவர்கள்.

3 டிசம்பர், காலை

நேற்று எழுதாமல் விட்டது. அந்த 2019 அக்டோபர் மாதக் கடைசியில் வீட்டுக்கார அம்மாவைக் கூட்டிக்கொண்டு மரபணுச் சோதனைக்குப் போனேன். நீளமான பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்புறத்தில் தடவி எடுத்தார்கள், அரை நிமிட வேலை. எப்போதாவது அந்தச் சுவருக்கு அருகே தோண்டினால் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வரும் வழியில் மெட்ரோவில், தன் உமிழ்நீரில் தாத்தா இருக்கிறாராம் என்று சொல்லிச் சிரித்தார்.

அவருக்கு இப்போது 76 வயது. நேற்று பேசும்போது, தோண்டிவிட்டார்களா என்று கேட்டேன். இன்னும் இல்லை. வீட்டை மாற்றினாலும் பழைய தொலைபேசி எண்ணை மட்டும் மாற்றாமல் வைத்திருக்கிறாராம், படிவத்தில் எழுதிக்கொடுத்தது அந்த எண் என்பதால்.